ஃபியூல் பம்பைக் குற்றம் சொல்லும் முன்: அறிகுறி வழியே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் நின்றுவிட்டால், அல்லது காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், பட்டறையில் முதலில் விழும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “டேங்க் மோட்டார் போய்விட்டது.” டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூல் பம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பழைய பம்ப் கழற்றப்படுகிறது, சில ஆயிரம் ரூபாய்க்குப் புதியது மாட்டப்படுகிறது, வண்டியும் ஓடுகிறது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறது. பம்பை மாற்றும்போது கனெக்டரைப் பிடுங்கி மறுபடி செருகியதில் துருப்பிடித்த தொடர்பு கொஞ்ச நாளுக்கு உயிர் பெற்றிருந்தது, அவ்வளவுதான். பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே கெடும். ஆனால் அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்காமல் அதன் மேல் பழி போடக் கூடாது.

இங்கே சொல்வது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு, அதாவது எம்பிஎஃப்ஐ வகைக்குப் பொருந்தும். அம்பாசடர், கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800 போன்றவற்றில் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ள, ரப்பர் டயஃப்ரம் ஏறி இறங்கி பெட்ரோலை இழுக்கும். அதன் கோளாறுகள் தனிக் குடும்பம்.

எப்படி வேலை செய்கிறது

டேங்க்குக்குள் செங்குத்தாக நிற்கும் பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் அடியில் மெல்லிய வலைப்பை. அதைச் சல்லடை என்போம். மேலே மின்மோட்டார். மோட்டாரின் முனையில் சின்ன டர்பைன் சக்கரம். அது தள்ளும் பெட்ரோல் மோட்டாரின் உள்ளே நுழைந்து, சுருள்களையும் கார்பன் பிரஷ்களையும் நனைத்து, குளிரவைத்து, மேல் முனை வழியாக வெளியேறுகிறது. மின்பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோலா என்று பயப்பட வேண்டாம். உள்ளே எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. வெளியேறும் வாயில் ஒரு செக் வால்வு இருக்கிறது. வண்டியை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் இறங்காமல் அது பிடித்து வைக்கிறது. பெரும்பாலான புதிய கார்களில் ஃபில்டர், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், அளவு காட்டும் மிதவை எல்லாமே இந்தக் கூட்டிலேயே இருக்கும். பழைய வடிவங்களில் ரெகுலேட்டர் எஞ்சின் பக்கம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அமர்ந்திருக்கும் ரெயில் என்ற குழாயில் இருக்கும். மிஞ்சிய பெட்ரோல் தனிக் குழாய் வழியாக டேங்க்குக்குத் திரும்பும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில சோதனைகள் அதைப் பொறுத்தே மாறும்.

கார்பரேட்டர் காலத்து டயஃப்ரம் பம்ப் கொடுத்த அழுத்தம் சுமார் 0.2 அல்லது 0.3 பார். இன்ஜெக்‌ஷன் கார்களில் பொதுவாக 3 முதல் 4 பார் வரை வேண்டும். உங்கள் மாடலுக்கு உரிய சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்; அதையே நம்புங்கள்.

இன்னொன்று. சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, பம்பை இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் ஓட்டி நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சைகை வந்தால்தான் மறுபடி ஓட்டும். விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அந்த இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ சத்தம்தான் உங்கள் முதல் கருவி.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தள்ளியிருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. நம் ஊரில் எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும் அது பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கும் என்று அர்த்தம். குழாயைக் கழற்றும் வேலை என்றால் திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட், பூஜை விளக்கு, பக்கத்தில் வெல்டிங் எதுவும் கூடாது. வெளிச்சத்துக்கு சாதாரண பல்ப் விளக்கை டேங்க் அருகே கொண்டுபோகாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழாயில் அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் கண்ணில் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது பம்பின் ஃபியூஸையோ, அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயையோ பிடுங்குங்கள். எஞ்சின் தானாக நிற்கும். மறுபடி ஓரிரு முறை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். வண்டி ஸ்டார்டே ஆகாத நிலை என்றால் இணைப்பின் மேல் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை, பம்ப் சத்தமும் இல்லை

ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். ஒருவர் சாவியை ஆன் செய்யட்டும்; இன்னொருவர் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை அருகில் வைக்கட்டும், அல்லது பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டு விநாடி ஓசை வரவில்லை என்றால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு.

டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் கோளாறு சாவியில், பம்பில் அல்ல. மாற்றுச் சாவியை எடுத்து முயலுங்கள். பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில் மோதல் ஏற்பட்டால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தால்கூடச் சில சமயம் அது பம்பை நிறுத்திவிடும். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதன் பொத்தானை அழுத்தினால் போதும்.

அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரால் இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். அதுவும் எரிந்தால் பம்ப் இறுகிவிட்டது, அல்லது எங்கோ ஒயர் தோலுரிந்து பாடியைத் தொடுகிறது. “15 நிற்கவில்லை, 30 போட்டுவிட்டேன்” என்பவரிடமிருந்து வண்டியை உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒயர் எரியத் தொடங்கினால் அது டேங்க்குக்குப் போகும் ஒயர்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே பெட்டியில் அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை, ஹார்னுடையதோ ஏசியுடையதோ, இடம் மாற்றிப் போடுவது. ‘டிக்’ என்று சத்தம் கேட்பதால் மட்டும் ரிலே நன்றாக இருக்கிறது என்று ஆகாது. காந்தச்சுருள் இழுக்கும், உள்ளே தொடுமுனை கருகியிருக்கும். ரிலே சாக்கெட்டில் 30, 87 என்ற இரு முனைகளை 15 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். பம்ப் ஓடினால் பம்பும் அதற்குப் போகும் ஒயரும் நலம். அப்போது ரிலே, அல்லது அதை இயக்கும் ஈசியூ சைகை, இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி.

அப்படி இணைத்தும் ஓடவில்லை என்றால் பம்பின் கனெக்டருக்குப் போக வேண்டும். பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் வட்ட மூடி ஒன்று தெரியும். சிலவற்றில் டேங்க்கையே இறக்க வேண்டியிருக்கும். கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வந்ததும் “கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போச்சு” என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். மண் மேவிய வாய்க்காலில் மடையைத் திறக்காதவரை தண்ணீர் தளும்பி நிற்கும். திறந்தால்தான் வரத்து இல்லை என்பது தெரியும். ஒயரும் அப்படித்தான். ஒற்றை இழை மிச்சமிருக்கும் ஒயர்கூட, சுமை இல்லாதபோது மீட்டரில் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆகவே 21 வாட் இண்டிகேட்டர் பல்புக்கு இரண்டு ஒயர் பற்றவைத்து, அதைக் கனெக்டரில் கொடுத்துப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் சரி; பம்ப் செத்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். மங்கலாக எரிந்தால் பம்பை வாங்க ஓடாதீர்கள், ஒயரைத் தேடுங்கள். பெட்ரோல் வாசனை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒயரைத் தேடும்போது எலியை மறக்காதீர்கள். வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு எலி ஒரு நிரந்தர எதிரி. இருக்கைக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் அது கடித்த இடம் உறைக்குள் மறைந்திருக்கும். கடலோர ஊர்களில் எர்த் போல்ட்டின் துரு.

சாவி போட்டதும் இரண்டு விநாடி ஓசை வருகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பம்ப் ஓடவில்லை என்றால் அது வேறு கதை. எஞ்சின் சுற்றுவது ஈசியூவுக்குத் தெரியவில்லை. ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள்.

நடுவழியில் நின்றுவிட்ட வண்டிக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் ரப்பர் சுத்தியலாலோ செருப்புக் காலாலோ டேங்க்கின் அடியில் தட்டுவார். வண்டி பிடித்தால் கார்பன் தேய்ந்து தொடாமல் இருந்தது என்று பொருள். வீடு போய்ச் சேரலாம். வழியில் எங்கும் அணைக்காதீர்கள். நேராகப் பட்டறைக்குப் போவது இன்னும் நல்லது.

அறிகுறி: பம்ப் சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

சிரிக்காமல் கேளுங்கள்: டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? மிதவை ஒட்டிக்கொண்டால் முள் கால் டேங்க் காட்டும்; உள்ளே ஒன்றும் இருக்காது. ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது உலகின் மலிவான சோதனை.

இருக்கிறது என்றால் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். ரெயிலில் டயர் வால்வு போன்ற முனை இருந்தால் நேராக மாட்டலாம். நம் சந்தைக் கார்கள் பலவற்றில் அது கிடையாது, குழாயின் நடுவே டி இணைப்பு போட வேண்டும். அந்த இணைப்பு இல்லாத பட்டறைக்காரர் “கேஜ் எல்லாம் எதற்கு?” என்பார். கேஜ் வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

பம்ப் ஓடியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள். கூட்டுக்குள் பம்பையும் மேல் மூடியையும் இணைக்கும் சிறு குழாய் வெடித்து, பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே சுற்றிவருகிறது. ரெகுலேட்டர் திறந்தபடி நின்றுவிட்டது. அல்லது டர்பைன் தேய்ந்து மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. திரும்பும் குழாய் உள்ள பழைய வண்டியில், அதன் ரப்பர்ப் பகுதியை ஒரு கணம் நெருக்கிப் பிடித்தால் அழுத்தம் துள்ளி ஏறும், ஏறினால் ரெகுலேட்டர்தான். நைலான் குழாயை நெருக்காதீர்கள், பிளந்துவிடும். முதலாம் வாய்ப்பான சிறு குழாய்க்காக முழுக் கூட்டையும் மாற்றச் சொன்னால், கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால் பம்புக்கு விடுதலை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறிதான் வரவில்லை. பிளக் காய்ந்திருந்தால் இன்ஜெக்டருக்குச் சைகை போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் போட்டு சிறிது தூரத்திலேயே நின்றது என்றால், அல்லது மழைக்காலத்தில் நின்றது என்றால், நீரைச் சந்தேகியுங்கள். டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இன்று நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கொஞ்சம் நீர் என்றால் கரைந்து எரிந்து போய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். சல்லடை இருப்பதும் அடியில்தான். பாட்டிலின் அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் டேங்க்கை முழுவதும் காலி செய்து கழுவுவதைத் தவிர வழியில்லை. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றி அதைச் சரிக்கட்ட முயல்வது வீண்.

அறிகுறி: காலையில் நீண்ட நேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது

சாவியை ஆன் செய்து, ஓசை அடங்கும்வரை காத்திருந்து, அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் இரவில் குழாயின் அழுத்தம் வடிந்துவிடுகிறது. வடியும் வழி செக் வால்வாக, ரெகுலேட்டராக, அல்லது சொட்டும் இன்ஜெக்டராக இருக்கலாம். பிடித்தவுடன் கரும்புகையும் பெட்ரோல் வாசனையும் வந்தால் இன்ஜெக்டர். அதைத் தள்ளிப்போடக் கூடாது, சொட்டும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி ஆயிலில் கலக்கும். புகை இல்லை என்றால் பெரும்பாலும் செக் வால்வு. ஓடும்போது அழுத்தம் முழுதாக இருந்தால், செக் வால்வுக்காக மட்டும் பம்பை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். காலையில் சாவியை இரண்டு முறை திருப்பிவிட்டுக் கிளம்புங்கள்; அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு.

மூன்று முறை திருப்பியும் மாற்றமில்லை என்றால் பேட்டரி, பிளக், கூலண்ட் வெப்ப சென்சார் என்று வேறு பக்கம் பாருங்கள்.

அறிகுறி: ஊருக்குள் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை

தவறான தீர்ப்புகள் அதிகம் வழங்கப்படும் அறிகுறி இதுதான். சும்மா நிற்கும்போது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் மிகக் குறைவு. நோஞ்சான் பம்ப்கூட அதைக் கொடுத்துவிடும். ஏற்காட்டுக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ நான்கு பேரும் பைகளுமாக ஏறும்போதுதான் பம்பின் உண்மையான திராணி தெரியும். ஆகவே நிறுத்திவைத்த வண்டியில் கேஜ் வைத்து “3 பார் இருக்கிறது, பம்ப் நலம்” என்று சொல்வதில் பொருளில்லை. சுமையோடு ஓட்டிப் பார்த்து அழுத்தம் விழுகிறதா என்று அளக்க வேண்டும். கேஜின் குழாயை காருக்குள் கொண்டுவரக் கூடாது. கேஜை வைப்பர் அருகே வெளியே கட்டி, கண்ணாடி வழியே பார்க்கலாம்.

அதற்கு முன் மலிவானவற்றைப் பாருங்கள்: ஏர் ஃபில்டர், பிளக், இக்னிஷன் காயில். உயர் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுவது போல் இருந்தால் சைலன்சரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஸ்கேனர் இருந்தால் ஃபியூயல் ட்ரிம் எண்ணைக் கவனியுங்கள். எரிபொருள் குறைவதை ஆக்சிஜன் சென்சார் வழியே அறிந்து, ஈசியூ எத்தனை சதவீதம் கூடுதலாகத் திறக்கிறது என்பதை அந்த எண் காட்டும். சும்மா நிற்கும்போது எண் அதிகமாக இருந்து, வேகம் கூடக் கூடக் குறைந்தால் எஞ்சின் எங்கோ கள்ளக் காற்றை உறிஞ்சுகிறது, பம்ப் நிரபராதி. நிற்கும்போது சரியாக இருந்து, சுமை கூடும்போது எண் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று சொல்லும் பி0171 என்ற பிழைக் குறியீடு இரண்டு நிலையிலும் வரும், எனவே குறியீட்டை மட்டும் பார்த்துப் பாகம் வாங்காதீர்கள். ரெயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0087 வர வேண்டுமானால் ரெயிலில் சென்சார் இருக்க வேண்டும். சாதாரண சிறு கார்கள் பலவற்றில் அந்த சென்சாரே இல்லை. “ஸ்கேனரில் ஒன்றும் இல்லை, பம்ப் ஓகே” என்ற வாதம் அங்கே செல்லாது.

பெட்ரோல் போதவில்லை என்று உறுதியானதும் பம்பைக் கழற்றும் முன் மின்னழுத்த இழப்பை அளந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், நீண்ட ஒயர் போட்டு மறுமுனையை பம்ப் கனெக்டரின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த்துக்கும் இடையே அதே அளவீடு. ஒரு பக்கம் ஒன்றரை வோல்ட் காணாமல் போனால், மோட்டார் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் விழும், புதுப் பம்ப் போட்டாலும் விழும். காணாமல் போகும் இடம் வழக்கமாக ரிலேயின் தொடுமுனை, பழுப்பேறி உருகிய கனெக்டர், எர்த் போல்ட் இவற்றில் ஒன்று. கனெக்டர் பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டாதீர்கள். புது முனை போடுங்கள்.

மின்சாரம் சரி என்றால் மிஞ்சுவது சல்லடை, ஃபில்டர், தேய்ந்த பம்ப். தனி ஃபில்டர் உள்ள வண்டியில் அதை முதலில் மாற்றுங்கள். கூட்டுக்குள் ஃபில்டர் இருந்தால் எப்படியும் திறக்கத்தான் வேண்டும். சல்லடை கறுத்துக் களிம்பு பிடித்திருந்தால் காரணம் கண்முன் இருக்கிறது.

அறிகுறி: சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

சித்திரை வெயிலில், நெரிசலில், ரிசர்வ் விளக்கு எரியும்போது இது வரும். மோட்டாரைக் குளிர்விக்கும் பெட்ரோலே குறைவு, அதுவும் சூடு. சுருள் விரிந்து தொடர்பு அறுகிறது. இதே நாடகத்தை கிராங்க் சென்சாரும் ஆடும். ரிலேயின் உள்ளே வெடித்த ஈயப்பற்றும் ஆடும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருக்கும், மெக்கானிக் உங்களைத்தான் சந்தேகிப்பார். எனவே நின்ற அந்தக் கணத்திலேயே பார்த்துவிட வேண்டும். சாவியை ஆன் செய்தால் இரண்டு விநாடி ஓசை வருகிறதா? வந்தால் கிராங்க் சென்சாரின் மேல் சந்தேகம் வையுங்கள். வரவில்லை என்றால் கையோடு வைத்திருக்கும் நல்ல ரிலேயை மாட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பம்ப்.

அறிகுறி: பின்னாலிருந்து இரைச்சல்

லேசான முனகல் இயல்பு. நேற்று வரை இல்லாத கீச்சுக்குரல் இன்று வந்தால்தான் கவலை. டேங்க் நிரம்பியதும் அது அடங்கினால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. நிரம்பிய பிறகும் கத்தினால் சல்லடை அடைப்பு, அல்லது தேய்மானம். கால் டேங்க்குக்குக் கீழே வளைவுகளில் மட்டும் வண்டி குலுங்கினால், பெட்ரோல் ஒரு பக்கம் சாயும்போதும் சல்லடையைச் சுற்றி எரிபொருளைத் தேக்கி வைக்கும் கிண்ணம் நிரம்பவில்லை. கூட்டைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை.

அறிகுறி: பெட்ரோல் வாசனை

இதில் சோதனை வரிசை எதுவும் இல்லை. ஓட்டாதீர்கள். டேங்க் நிரம்பியபோது மட்டும் வாசனை வந்தால் பம்ப் மூடியின் ரப்பர் வளையத்தில் கசிவு. அண்மையில் பம்ப் மாற்றியிருந்தால் பழைய வளையத்தையே முறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எத்தனால் கலப்புக்கு ஏற்ப வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களின் வெடிப்பையும் பாருங்கள்.

கரும்புகை, திடீர் மைலேஜ் சரிவு ஆகியவற்றுக்கு அழுத்தம் கூடிப்போவதும் ஒரு காரணம். ரெயிலில் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அதன் வேக்குவம் குழாயைக் கழற்றுங்கள்; உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

முள் மட்டும் பொய் சொல்கிறது என்றால் மிதவைப் பகுதியைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல மாடல்களில் முடியும்.

பணம் கட்டும் முன்: ரீகால் உண்டா?

பம்ப்தான் என்று உறுதியான பிறகும் பணப்பையைத் திறக்க அவசரப்படாதீர்கள். 2020 ஜூலையில் மாருதி சுஸுகி, வேகன்ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐ ஃபியூல் பம்ப் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டா இந்தியா 65,651 கார்களை அழைத்தது. 2024 அக்டோபரில் மேலும் 90,468 கார்களை அழைத்தது. ஹோண்டாவின் இரு அறிவிப்புகளிலும் சொல்லப்பட்ட காரணம், பம்புக்குள் இருக்கும் அந்தச் சின்ன டர்பைன் சக்கரத்தின் குறைபாடு. இரண்டாவது அழைப்பில், முன்பு உதிரிப் பாகமாக வாங்கி மாட்டப்பட்ட பம்புகளும் சேர்க்கப்பட்டன. எனவே பழைய கார் வாங்கியவரும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் மாற்றம் இலவசம்.

நீண்ட நாள் உழைக்க

ரிசர்வில் ஓட்டினால் டேங்க்கின் அடியில் உள்ள அழுக்கு பம்புக்குள் போகும் என்பார்கள். சல்லடை எப்போதுமே அடியில்தான் இருக்கிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் அது அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. ரிசர்வில் உண்மையான கெடுதல் சூடும் காற்றும். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாத வழக்கத்தை இந்தக் காரணத்துக்காகக் கடைப்பிடியுங்கள்.

சிஎன்ஜி, எல்பிஜி ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளியில் பொருத்திய கிட்கள் சிலவற்றில் வாயுவில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். “பெட்ரோலே தேவையில்லை” என்று டேங்க்கைக் காயவிட்டவரின் பம்ப் உலர்ந்து சுற்றிச் சாகும். உங்கள் கிட் எந்த வகை என்று மாட்டியவரிடம் கேளுங்கள்.

பம்பைக் காப்பாற்றும் என்று கடையில் விற்கும் பாட்டில் திரவங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. தேய்ந்த கார்பனை எந்தத் திரவமும் வளர்க்காது.

மாற்றும்போது

டேங்க்கில் கால் பங்குக்கும் குறைவாக இருக்கும்போது செய்யுங்கள். மூடியைத் திறக்கும் முன் அதன் மேல் படிந்த மண்ணை முழுக்கத் துடைத்தெடுங்கள். இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். பம்பை மட்டும் மாற்றினாலும் சல்லடை புதிதாக இருக்கட்டும், ரப்பர் வளையம் கட்டாயம் புதிது. புதுப் பம்பை மேசையில் வைத்து வெறுமனே ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். நனையாமல் ஓடும் சில விநாடிகளே அதன் ஆயுளைக் குறைக்கும். அட்டைப்பெட்டியில் நிறுவனப் பெயர் இருப்பது போதாது. போலிகள் ஏராளம், பில் தரும் கடையில் வாங்குங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணைத்து, குழாயை நிரப்பி, இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருக்கையை மூடும் முன் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு டேங்க்கை முழுதாக நிரப்பி, ஒரு வேகத்தடை மேல் ஏற்றி இறக்கி, பின் இருக்கையை இன்னொரு முறை தூக்கி அந்த வளையத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். மேல் வளையத்தின் கசிவு கால் டேங்க்கில் தெரியாது.